கூப்பிடு தூரம்

தூரத்தை அளக்கத் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு: கூப்பிடு தூரம். நின்ற இடத்தில் நின்று கத்தினால் எதிரில் உள்ளவர் காதில் விழுகிற அளவு. சமவெளியில் குரல் எட்டுகிற இடத்துக்கு ஆளும் சீக்கிரம் எட்டிவிடலாம். மலையில் அப்படி இல்லை. பண்டாரவளையிலிருந்து பூனாகலைப் பக்கம் போகிற வீதியில் நின்று பார்த்தால் எதிர்ச் சரிவில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் தெரியும். அங்கே நாய் குரைப்பது கேட்கும், பீலிக்கரையில் குடம் மோதுவது கேட்கும். பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறி அந்த இஸ்தோப்பை மிதிக்கத்தான் நெடுநேரம் பிடிக்கும். ஆபத்து வேளையில் எழுப்பிய குரல் பயன்பட வேண்டுமானால் மூன்று காரியம் நடந்தாக வேண்டும். குரல் வழியில் அறுபடக் கூடாது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும். கேட்டவர், வந்தே தீர வேண்டிய கடமை உள்ளவராக இருக்க வேண்டும். இணையத்தின் வழியே இயங்கும் வீட்டுத் தொலைபேசி இவற்றில் முதல் இரண்டையும் பலவீனப்படுத்துகிறது என்று இருபது ஆண்டுகளாகப் பல நாடுகளில் பேசுகிறார்கள். இலங்கையில் இந்த மலைகள் அடங்கிய ஊவாவின் தேயிலைத் தோட்டங்களின் கதையைப் பின்னோக்கிப் படித்தால், அங்குள்ள மக்களுக்கு அந்த இரண்டும் ஒரு காலத்திலும் சொந்தமாக இருந்ததில்லை என்பது தெரியவரும். புதிய தொலைபேசியின் குறையை வெறும் கருவிக் குறையாகப் பார்த்தால் இந்த மலையில் அது பாதிதான் விளங்கும். மீதிப் பாதி தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவிலும் தொழிலாளரின் லயத்திலும் நூறாண்டுக்கு மேலாகக் கிடக்கிறது.

முதலில் கருவியைப் பார்த்துவிடலாம். டவுனில் பைபர் இணைப்பு எடுத்த ஒரு வீட்டின் சுவரில் கையகல வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்கும். அதில் நாலைந்து சிறு பச்சை விளக்குகள், அவற்றில் ஒன்றுக்குப் பக்கத்தில் தொலைபேசிப் படம். பெட்டியின் ஒரு பக்கம் மயிர் போன்ற கண்ணாடி இழை நுழைகிறது, இன்னொரு பக்கத்திலிருந்து தொலைபேசிக்கு வயர் போகிறது, அடியிலிருந்து கரண்ட் அடாப்டர் தொங்குகிறது. அந்த அடாப்டரில்தான் சங்கதி இருக்கிறது. பழைய செப்புக் கம்பி குரலை மட்டும் சுமந்து வரவில்லை, கருவிக்கு வேண்டிய மின்சாரத்தையும் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமந்து வந்தது. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக அடுக்கிய பற்றரிகள் 48 வோல்ட் அழுத்தத்தைக் கம்பியில் வைத்திருக்கும். ஊரே இருட்டில் கிடந்தாலும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ரிசீவரை எடுத்தால் டயல் சத்தம் கேட்டதற்கு அதுதான் காரணம். கண்ணாடி இழை ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே வீட்டில் கரண்ட் போனால் பெட்டி அணைகிறது, பெட்டி அணைந்தால் தொலைபேசியும் ஊமையாகிறது. இடம் பற்றிய கதையும் இப்படித்தான் மாறியது. செப்புக் கம்பியின் ஒரு முனை எக்ஸ்சேஞ்சில், மறுமுனை ஒரு குறிப்பிட்ட வீட்டுச் சுவரில். கம்பியைப் பிடித்துப் போனால் வீடு வந்துவிடும். இணையத் தொலைபேசியில் எண் ஒரு கணக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணக்கில் என்ன முகவரி எழுதியிருக்கிறதோ அதுதான் அதன் இடம். அழைக்கிறவர் உண்மையில் நிற்கும் இடம் வேறாகவும் இருக்கலாம். வாட்ஸ்அப், இமோ போன்ற செயலிகளோ 119, 1990 போன்ற அவசர எண்களுக்கு அழைப்பே எடுக்காதவை.

இனித் தோட்டத்துக்குப் போகலாம். ஊவாவின் தோட்டங்களில் சத்தத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. விடிவதற்கு முன்பே வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுத் தப்பு அடிக்கும். மலையகத்தின் முதல் பெரும் கவிஞர்களில் ஒருவரான சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பாட எடுத்தபோது அந்தத் தப்போசையோடு விடிகிற காலையிலிருந்துதான் தொடங்கினார். பிறகு கொம்பு வந்தது, பெக்டரிச் சங்கு வந்தது. பெரட்டுக்களத்தில் கங்காணி பேர் சொல்லிக் கூப்பிடுவார், கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் குறிப்பார். ஒரு ஆளாவது வராமல் போனால் லயத்தில் எந்தக் காம்பரா, அதாவது எந்த அறை, என்ன காரணம் என்று அரை மணிக்குள் தெரிந்துவிடும். ஆட்களைக் கண்டுபிடிப்பதில் இத்தனை நுணுக்கமான ஏற்பாடு அந்தக் காலத்தில் கொழும்பு நகரத்தில்கூட இருந்திருக்காது. ஆனால் அந்த ஏற்பாடு முழுவதும் ஒரே திசையில் ஓடியது. மேலேயிருந்து கீழே, பங்களாவிலிருந்து லயத்துக்கு, வேலைக்கு ஆள் சேர்க்க. லயத்திலிருந்து மேலே ஒரு குரல் போக வேண்டுமானால் கங்காணி, கணக்கப்பிள்ளை, சின்னத்துரை, பெரியதுரை என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் அதை நம்ப வேண்டும். கடிதமும் இதே வழியில்தான் வந்தது. தோட்டத்தின் தபால் சுமக்கும் தப்பால்காரர் பையைத் தூக்கிக்கொண்டு டவுன் தபால் கந்தோருக்கு நடந்து போய், தோட்டத்துக்கு வந்த அத்தனை கடிதத்தையும் ஒரே கட்டாக ஆபிசுக்குக் கொண்டுவருவார். தபால் இலாகாவின் கண்ணில் அந்த மலை முழுவதற்கும் முகவரி ஒன்றே ஒன்றுதான்: தோட்டத்தின் பெயர்.

சட்டமும் இதை அப்படியே எழுதி வைத்தது. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. அதைப் பின்னாளில் விரித்து எழுதிய 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தோட்டத்துரையின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் ஓரளவு சுத்தமாக வைத்திருக்க வேண்டும், தோட்டத்தில் யார் யாருக்கு நோய் என்பதைத் தானே அறிந்துகொள்ள வேண்டும், உடனடி நிவாரணத்துக்குத் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்ய வேண்டும், கடும் நோயோ விபத்தோ ஏற்பட்டால் மாவட்ட வைத்திய அதிகாரிக்கு ஆளனுப்ப வேண்டும். அந்தக் காலத்துக்கு இது சின்ன விஷயமில்லை. தொழிலாளி சாகக் கிடந்தால் டொக்டரைக் கூப்பிடுவது துரையின் தயவில் தங்கியிருந்த நிலை போய்ச் சட்டக் கடமையானது. நான் மேலே சொன்ன மூன்றாவது தேவை, வந்தே தீர வேண்டிய கடமை, இங்கே எழுத்தில் இருக்கிறது. ஆனால் வாசகத்தைக் கவனியுங்கள். அழைக்கும் கடமை துரைக்கு. அழைக்கும் உரிமை தொழிலாளிக்கு என்று எங்கும் இல்லை. நோயாளி சட்டத்தின் கண்ணில் அழைப்பவர் ஆகவில்லை, அழைப்புக்குக் காரணமாக மட்டும் இருந்தார். நடுவில் ஒரு மனிதர் நின்றார். அவருடைய கண்ணுக்குப் பட்டது நோய், படாதது நோயில்லை.

அந்த அழைப்பு போன வழியையும் பார்க்கலாம். ரயில் 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளை போய்ச் சேர இன்னும் முப்பது ஆண்டு, 1924 வரை பிடித்தது. ரயில் பாதையோடு தந்திக் கம்பியும் மலையேறியது. பின்னர் தொலைபேசி வந்தபோது தோட்டத்தில் அது குடியேறிய இடம் பங்களா, அதற்கடுத்து ஆபிஸ். கம்பம் நட்டுக் கம்பி இழுப்பது செலவு பிடித்த வேலை. லாபம் தரும் முனைக்குத்தான் கம்பி போகும். இதன் விளைவை ஓர் இரவுக் கணக்கில் பார்க்கலாம். மேல் பிரிவு லயத்தில் நடுச்சாமத்தில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைவலி கண்டு இரத்தமும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் சூள் கொளுத்திக்கொண்டு கங்காணி வீட்டுக்கு ஓட வேண்டும். அங்கிருந்து டிஸ்பென்சரிக்கு. டொக்டர் ஐயா வந்து பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னால் துண்டு எழுதிக்கொண்டு பங்களாவுக்கு. பங்களாவில் விளக்கெரிந்து, துரை எழுந்து, ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் சொல்லி, லொறிக்கு உத்தரவு கொடுத்து, டிரைவரை எழுப்பி, கொழுந்துச் சாக்குகளை இறக்கிய லொறியில் கம்பளி விரித்துப் படுக்கவைத்த பிறகுதான் பயணமே தொடங்கும். அத்தனை ஓட்டத்திலும் தொலைபேசி செய்த வேலை கடைசி ஒரு படிதான். முன்னுள்ள படிகள் எல்லாம் கால்நடையாகத்தான். பங்களாவின் தொலைபேசிக்கும் லயத்துக்கும் நடுவே கால் மைல் இருந்தால் அந்தக் கால் மைல்தான் உயிரைத் தீர்மானித்தது. 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தபோதும் சரி, 1992இல் நிர்வாகத்தைக் கொம்பனிகளிடம் கொடுத்தபோதும் சரி, தொலைபேசி இருந்த மேசை மாறவில்லை.

மேசையை விட முகவரிதான் பெரிய வினை. ஒரு லயத்தை அதில் குடியிருப்பவர்கள் சொல்கிற பெயர் வேறு, தோட்டப் பதிவேட்டில் உள்ள பெயர் வேறு, அரச வரைபடத்தில் உள்ள பெயர் வேறு. எஸ்டேட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், தமிழ் வாயில் வேறொன்று, அந்த மலைக்குச் சிங்களத்தில் இன்னொன்று. பிரிவுக்குள் போனால் மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு, மேல் லயம், பணிய லயம், இருபது காம்பரா லயம், கோயில் லயம். வீதிக்குப் பெயரில்லை, கதவுக்கு இலக்கமில்லை. இதை வெறும் அசட்டை என்று சொல்லிவிட முடியாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் அமைந்திருந்த விதத்தில், தோட்டத்துக்குள் சபையின் பணம் போய் வீதி போடுவதோ விளக்குப் போடுவதோ தடைப்பட்டுக் கிடந்தது. தோட்டம் தனியார் இடம் என்ற கணக்கு. 33ஆம் பிரிவைத் திருத்தி அந்தத் தடையை நீக்க 2018 வரை ஆனது. வாக்களித்த மக்களின் வாசலுக்கு அவர்களுடைய சபையே வர முடியாதிருந்த முப்பத்தொரு ஆண்டுகளில் ஒரு பலகை நட்டு இந்தப் பாதைக்கு இதுதான் பெயர் என்று எழுத யாருக்கும் அதிகாரமும் இல்லை, அக்கறையும் இல்லை. 1948இல் பறித்த குடியுரிமையை எஞ்சியிருந்தவர்களுக்கும் கொடுத்து முடிக்க 2003 ஆனது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முகவரி இல்லாமை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போக வேண்டியதில்லை.

தொலைபேசி லயத்துக்குள் நுழைந்த வழி கம்பி வழி அல்ல. 1996இல் சன்டெல், லங்கா பெல் ஆகிய இரு கொம்பனிகளுக்குக் கம்பியில்லாத நிலையான தொலைபேசிச் சேவைக்கு அனுமதி கிடைத்தது. 2005க்குப் பிறகு சிடிஎம்ஏ என்ற கம்பியில்லாப் போன்கள் பரவின. மேசைத் தொலைபேசி போலவே தோற்றம், பின்னால் சின்ன ஏரியல், அடியில் பற்றரி. காம்பராவில் சாமிப் படத்துக்குக் கீழே ஸ்டூலில் பின்னல் துணி விரித்து வைத்திருப்பார்கள். அந்தப் பற்றரியைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கரண்ட் போன பிறகும் சில மணி நேரம் அந்தப் போன் பேசும். இன்றைய பைபர் பெட்டியில் இயல்பாக இல்லாத ஒன்று அதில் இருந்தது. ஆனால் இடத்தைப் பற்றிய பொய்யும் அதில்தான் தொடங்கியது. பண்டாரவளை வட்டாரத்தின் குறியீடு 057, பதுளையினது 055. முன்பெல்லாம் 057 என்றால் கம்பி பண்டாரவளைச் சுற்றில்தான் முடிகிறது என்று பொருள். ஏரியல் வைத்த போனைக் கையில் தூக்கிக்கொண்டு அடுத்த தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கும் போகலாம். எண் வீட்டை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கியது அப்போதுதான். இணையத் தொலைபேசி அதைக் கடைசிவரை கொண்டுபோய்விட்டது. அதற்கான சாதனமும் கடவுச்சொல்லும் இருந்தால் கொழும்பு எண்ணில் கனடாவிலிருந்தும் பேசலாம்.

அந்தச் சுதந்திரத்துக்கு விலை கொடுத்தவர்களின் கதை வேறு நாடுகளில் பதிவாகியிருக்கிறது. 2005 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வீட்டுக்குள் புகுந்தவர்கள் பெற்றோரைச் சுட்டபோது, மகள் வீட்டின் இணையத் தொலைபேசியில் 911ஐ அழுத்தினாள். இந்தச் சேவையில் அவசர அழைப்பு வசதி இல்லை என்ற பதிவுக் குரல்தான் பதிலாக வந்தது. நான்கு மாதத்துக்குள் அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு, இணையத் தொலைபேசிக் கொம்பனிகள் 911 அழைப்பை முகவரியோடு சேர்த்து உரிய மையத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று கட்டளையிட்டது. கனடாவில் 2008இல் நடந்தது நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. கல்கரி நகரில் பதினெட்டு மாதக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து வந்தபோது இணையத் தொலைபேசியில் அழைத்தார்கள். அம்புலன்ஸ் போனது மிசிசாகாவுக்கு, ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். குடும்பம் முன்பு குடியிருந்த முகவரி கணக்கில் அப்படியே இருந்தது. குழந்தை பிழைக்கவில்லை. மிசிசாகாவும் அதை அடுத்த டொரொன்டோ வட்டாரமும் ஈழத்துத் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த இடங்கள். வாடகை வீடு மாறும்போது தொலைபேசிப் பெட்டியைக் கழற்றி எடுத்துப்போய்ப் புது வீட்டில் மாட்டுவது அங்கே சாதாரணம். முகவரியை மாற்றி எழுத வேண்டும் என்பது பலருக்குத் தோன்றியிருக்காது. பிரித்தானியா பழைய செப்புத் தொலைபேசி வலையமைப்பை 2025 முடிவில் நிறுத்த இருந்தது, பிறகு 2027 ஜனவரிக்குத் தள்ளியது. தனித்து வாழும் முதியவர்களின் அவசர மணிகள் பல அந்தக் கம்பியில்தான் தொங்குகின்றன என்பது தள்ளியதற்கு ஒரு முக்கிய காரணம். கைத்தொலைபேசி எடுக்காத இடத்திலும் வீட்டுத் தொலைபேசியையே நம்பியவர்களிடத்திலும் கரண்ட் போன பிறகு குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு எடுக்க வழி செய்து கொடுக்க வேண்டும் என்று அங்குள்ள ஒழுங்குபடுத்தும் சபை 2018இலேயே சொல்லிவிட்டது.

இலங்கையில் அவசரத்துக்கு ஒரே எண் என்பது இன்னும் இல்லை. பொலிசுக்கு 119, தீயணைப்புக்கு 110, இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்சுக்கு 1990. கடைசியாகச் சொன்னது வரலாற்றில் பெரிய திருப்பம். ஹைதராபாத்தில் 2005இல் பிறந்த 108 சேவையின் மாதிரியில், இந்திய உதவியோடு, 2016 ஜூலையில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 88 வண்டிகளோடு அது தொடங்கியது. 2017 மே மாதம் நோர்வூட்டில் தோட்ட மக்கள் முன்னிலையில் பேசிய இந்தியப் பிரதமர், சேவையை எல்லா மாகாணங்களுக்கும் விரிப்பதாக அறிவித்தார். 2018இல் வண்டிகள் மற்ற மாகாணங்களுக்கும் வரத் தொடங்கின. காம்பராவிலிருக்கும் ஒருவர் கங்காணியையும் துரையையும் கேட்காமல், துண்டு இல்லாமல், காசு இல்லாமல், நேரே டொக்டருக்கு ஆளனுப்ப முடிந்தது இந்த மலையின் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. 1912 சட்டம் துரையிடம் கொடுத்த அழைப்பு, நூறாண்டு கழித்து அழைப்பவர் கைக்கு வந்தது. அப்போதுதான் இரண்டாவது தேவையின் வெறுமை முழுதாக வெளித்தெரிந்தது. கொழும்பை அடுத்துள்ள மையத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்பார்: "எந்த இடத்திலிருந்து பேசுறீங்க?" தோட்டத்துப் பெயர் சொல்வார்கள். "தோட்டத்துல எந்த இடம்?" மேல் பிரிவு. "வீட்டு நம்பர், ரோட்டுப் பேர் ஏதாவது இருக்கா?" இல்லை, இருபது காம்பரா லயம், மாரியம்மன் கோயிலுக்கு மேலே. "பக்கத்துல ஸ்கூல் ஏதும் இருக்குங்களா?" இந்தக் கேள்வி பதிலில் போவது நிமிடங்கள். கேட்பவர் மேல் குற்றமில்லை, சொல்பவர் மேலும் குற்றமில்லை. இருவருக்கும் பொதுவான வரைபடம் ஒன்று கிடையாது. இந்த நிலையில் வீட்டில் உள்ள இணையத் தொலைபேசியின் கணக்கு முகவரி என்ன சொல்லும்? தோட்டத்தின் பெயரையும் தபால் கந்தோரின் பெயரையும்தான் சொல்லும். தப்பால்காரர் காலத்து முகவரிதான் கணினியில் ஏறியிருக்கிறது.

கைத்தொலைபேசி எல்லோர் மடியிலும் இருக்கும்போது வீட்டுத் தொலைபேசியைப் பற்றி ஏன் இத்தனை கவலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தோட்டங்களில் அவசர அழைப்புகள் பெரும்பாலும் கைத்தொலைபேசியில்தான் போகும். 1990க்கு இடத்தைக் காட்டும் செயலியும் உண்டு. ஆனால் கைத்தொலைபேசியும் கோபுரத்தை நம்பியது, கோபுரம் கரண்டை நம்பியது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தபோது கோபுரங்களின் பற்றரி தாக்குப்பிடிக்காமல் பல இடங்களில் சிக்னல் போனது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டியபோது பதுளை மாவட்டத்தில் கரண்ட், வீதி, தொலைபேசி மூன்றும் ஒருசேர அற்றன. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்பதே இரண்டு தொலைபேசி வைத்திருப்பதன் பயன். வீட்டுப் பெட்டியும் கோபுரமும் ஒரே கரண்டில் தொங்கினால் அவை இரண்டும் ஒன்றுதான். இன்னொன்றும் உண்டு. மலைப் பள்ளங்களில் சிக்னல் பிடிக்க ஒரு பாறை மேலோ கொய்யா மரத்தடியிலோ போய் நிற்க வேண்டிய லயங்கள் இன்னமும் இருக்கின்றன. அங்கே வீட்டுக்குள் வரும் இணைப்பு ஆடம்பரமில்லை. தாய் சவூதியிலோ குவைத்திலோ வீட்டு வேலையில் இருக்கும் குடும்பங்களில், ஆபத்து என்றதும் பிள்ளை முதலில் அழைப்பது இமோவில் தாயைத்தான். ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் தாய் நொடியில் திரையில் வந்துவிடுவார். அங்கிருந்து 1990ஐ அழுத்தினால் அது போகாது. அந்தக் குறுகிய எண் இலங்கைக்குள் மட்டும் வேலை செய்வது.

செப்புக் கம்பி லயத்துக்கு வரவே இல்லையே, வராத ஒன்று போவதற்கு ஏன் அழ வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. இதில் பெரும்பகுதி உண்மை. 1990ஆம் ஆண்டில் நாட்டில் நூறு பேருக்கு ஒரு தொலைபேசிகூட இருக்கவில்லை, தோட்டத்தில் அது பங்களாவோடு நின்றது. பழைய கம்பியைப் பொற்காலமாகப் பாடுவது பங்களாவில் இருந்தவரின் ஞாபகத்தைக் கடன் வாங்குவது. நான் சொல்ல வருவது வேறு. கம்பி வலையமைப்பு சில பொறுப்புகளைச் சொல்லாமலே சுமந்தது: கரண்ட் எக்ஸ்சேஞ்சின் பொறுப்பு, இடம் கொம்பனியின் பொறுப்பு. பெட்டி மாறியபோது இரண்டும் சந்தாதாரரின் தலைக்கு வந்தன. பற்றரி வாங்குவது உங்கள் வேலை, முகவரி சரியா என்று பார்ப்பது உங்கள் வேலை. டவுனில் கடை வைத்திருப்பவர் ஒரு யூபிஎஸ் வாங்கி வைத்துவிடுவார். நாட்சம்பளத்தில் பெயர் போட்டு வாழ்பவருக்கு அதுவே பெரிய செலவு. முகவரியைத் திருத்து என்றால் எதை எழுதித் திருத்துவது? தன்னிடம் இல்லாததை அவரிடம் கேட்கிறார்கள். பங்களாவில் இருந்தவருக்குச் சும்மா கிடைத்த பாதுகாப்பு, லயத்துக்குத் தொலைபேசி வந்து சேரும் காலத்தில் விலைக்கு விற்கும் சரக்காகிவிட்டது. இது யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனாலும் பாரம் விழுவது ஒரே பக்கத்தில்தான்.

தொலைபேசியால் மட்டும் என்ன ஆகிவிடும், ஆபத்தில் முதலில் ஓடிவருவது பக்கத்துக் காம்பராக்காரர்தானே என்றும் சொல்வார்கள். கம்பளியின் இரு முனையிலும் தடி கோத்து நோயாளியைத் தூக்கிக்கொண்டு வீதிவரை இறங்கிய நாலு பேரின் தோள்கள்தான் இந்த மலையின் முதல் அம்புலன்ஸ். இன்றும் வண்டி ஏற முடியாத லயங்களில் அதுதான் நடக்கிறது. அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் லயமே போனால்? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை லயங்கள் மேல் மலை சரிந்தது. தூக்க வேண்டிய தோள்களும் மண்ணுக்குள் போயின. அந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் அதன் பின்னும் சொல்லியிருந்தது. எச்சரிக்கை மேலேயிருந்து கீழே வந்தது. போய் இருக்க இடம் கொடுக்க வேண்டியவர்கள் அதோடு வரவில்லை. சரிவுக்குப் பிறகு நடந்ததுதான் என் வாதத்துக்கு இன்னும் நெருக்கம். எத்தனை பேர் மண்ணுக்குள் என்று நாட்கணக்கில் யாராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. முதல் நாளில் நூற்றுக்கணக்கு என்றார்கள், பிறகு அந்தத் தொகை நாற்பதுக்கும் கீழே இறங்கியது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்தார்கள், சிலர் வேலைக்குப் போயிருந்தார்கள், சிலர் கொழும்பில் இருந்தார்கள். எந்தக் காம்பராவில் யார் என்பது லயத்துக்காரர் வாயில் இருந்தது, நாட்டின் கையில் இல்லை. பெரட்டுக்களத்தில் வேலைக்கு வராதவரை அரை மணியில் கண்டுபிடித்த அதே தோட்டம் இது. கணக்கு எதற்காக எடுக்கப்பட்டதோ அதற்கு மட்டுமே அது பயன்பட்டது.

ஆகவே பைபர் பெட்டிக்குள் பற்றரி வை என்று கொம்பனிகளைக் கேட்பது சரியான கோரிக்கை, கேட்கத்தான் வேண்டும். இணைப்புக் கொடுக்கும்போதே கரண்ட் போனால் இந்தத் தொலைபேசி பேசாது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் பெட்டியின் மேலேயே ஒட்ட வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரப் பற்றரியை அபாய வலயத்தில் உள்ள வீடுகளுக்காவது இலவசமாகக் கொடுக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு கட்டளையிடலாம். வெளிநாட்டு எண்ணிலிருந்து 1990ஐ அடைய முழு நீள எண் ஒன்றைப் பரவலாகச் சொல்லிக் கொடுப்பதும் பெரிய செலவில்லை. இவை எல்லாம் குரல் அறுபடாமல் போவதற்கு. குரல் எங்கிருந்து என்பதற்கு வேறு வேலை இருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் ஒவ்வொரு லயத்துக்கும் ஒவ்வொரு காம்பராவுக்கும் ஓர் இலக்கம், லயத்தின் முனையில் மூன்று மொழியில் ஒரு பலகை, வண்டி எதுவரை ஏறும் என்ற குறிப்பு, செயற்கைக்கோள் காட்டும் புள்ளி, மக்கள் சொல்கிற பெயரும் பதிவேட்டுப் பெயரும் பக்கம் பக்கமாக. அந்தப் பட்டியல் 1990 மையத்திலும் 119லும் பிரதேச செயலகத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பிரதேச சபைகளுக்கு 2018லிருந்து தோட்டத்துக்குள் போக வழி திறந்திருக்கிறது. பலகை எழுதப் போகிறவர்கள் யாரிடம் முதலில் விசாரிப்பது என்று யோசிக்கவும் வேண்டாம். பையைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் லயமாக நடந்து, இந்தக் காம்பராவில் இன்னார் மகன், அந்தக் காம்பராவில் இன்னார் பேத்தி என்று பெயர் சொல்லிக் கடிதம் கொடுத்தவர்கள் இன்னும் பல தோட்டங்களில் உயிரோடு இருக்கிறார்கள்.